பொய் சொல்லக்கூடிய ஆளிடம் வழி கேட்பது எப்படி?

இரண்டு கதவு, ஒரு காவலாளி. ஒரு கதவுக்குப் பின்னால் பரிசு, இன்னொன்றுக்குப் பின்னால் ஆபத்து. எதில் எது இருக்கிறது என்று காவலாளிக்குத் தெரியும், அவர் சொல்வதை நம்பலாமா என்பதுதான் நமக்குத் தெரியாது. இந்தப் புதிரை ஏதாவது ஒரு வடிவத்தில் பள்ளிக்கூட நாட்களிலேயே கேட்டிருப்பீர்கள், காவலாளிக்குப் பதிலாக இரட்டைச் சகோதரர்கள் இருந்திருக்கலாம், கதவுக்குப் பதிலாக ஊருக்குப் போகும் இரண்டு பாதைகள் இருந்திருக்கலாம், ஆனால் சாரம் ஒன்றுதான்.

இதை யாரிடம் போட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது, "அந்த ஆள் பொய் சொல்வாரா?" என்று. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எப்போதும் பொய்யே சொல்கிற ஒருவர் நமக்கு ஆபத்தே இல்லை, அவர் இடது என்றால் வலதுக்குப் போய்விடலாம், அவ்வளவுதான். சரியாக ஒரு மணி நேரம் தாமதமாக ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ரயிலைப் பிடித்துவிடலாம், சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஆளின் பேச்சுக்கும் உண்மைக்கும் நடுவில் ஏதாவது நிலையான தொடர்பு இருக்கிறதா? தொடர்பு தலைகீழாக இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். அந்தத் தொடர்பே இல்லாதவர்தான் நமக்கு எதிரி. அவரை இங்கே பூவாதலையாக்காரர் என்று கூப்பிடப் போகிறேன், ஒவ்வொரு கேள்விக்கும் மனசுக்குள் ஒரு காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஆமாம், தலை விழுந்தால் இல்லை என்கிறவர்.

சரி, கணக்குப் போட வசதியாக ஒரு புதிரை நானே அமைக்கிறேன், கடைசி வரை இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

நல்ல கதவைத் திறந்தால் உங்களுக்கு 1,000 ரூபாய். தப்பான கதவைத் திறந்தால் நீங்கள் 3,000 ரூபாய் கட்ட வேண்டும். எந்தக் கதவையும் திறக்காமல் திரும்பிப் போகவும் உரிமை உண்டு, அதற்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. காவலாளி உண்மைக்காரர், பொய்க்காரர், பூவாதலையாக்காரர் மூவரில் ஒருவர், மூன்றுக்கும் சம வாய்ப்பு. ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகள் மட்டும்தான் கேட்கலாம், ஒவ்வொரு கேள்விக்கும் 100 ரூபாய் கட்டணம்.

ஆலோசனை கேட்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

காவலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே ஓர் எண்ணைக் கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, எத்தனை சதவீதம் நிச்சயமாகத் தெரிந்தால் கதவைத் திறக்கலாம்? இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அவர் பேசும் தோரணையைப் பார்த்து, குரலில் இருக்கும் உறுதியைப் பார்த்து, நம் மனசு அந்த எல்லையை நமக்கே தெரியாமல் நகர்த்திவிடும், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கணக்கு ரொம்பச் சுலபம். நஷ்டத்தை, நஷ்டமும் லாபமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். இங்கே 3,000-ஐ 4,000-ஆல் வகுத்தால் முக்கால், அதாவது 75 சதவீதம். ஏன் என்று நான்கு ஆட்டங்களை வைத்துப் பாருங்கள்: மூன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றால் மூவாயிரம் வந்து மூவாயிரம் போய்விடுகிறது, கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே இருந்தால் திறப்பது நஷ்டம், மேலே இருந்தால் லாபம். நஷ்டம் வெறும் 1,000 என்றால் எல்லை 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும், 9,000 என்றால் 90-க்கு ஏறிவிடும். ஒரே காவலாளி, அதே நம்பகத்தன்மை, அதே பதில், ஆனால் ஓர் ஆட்டத்தில் அவர் சொல்வதைக் கேட்டு நடப்பது புத்திசாலித்தனம், இன்னொன்றில் முட்டாள்தனம். "அவரை நம்பலாமா?" என்பது பாதிக் கேள்விதான், "எதைப் பணயம் வைத்து நம்பலாம்?" என்று கேட்டால்தான் அது முழுக்கேள்வி.

இங்கே ஒரு விஷயம். தப்பான கதவுக்குப் பின்னால் இருப்பது அபராதம் இல்லை, பசித்த புலி என்றால் இந்த வகுத்தல் உதவாது, ஏனென்றால் சராசரி என்பது திரும்பத் திரும்ப ஆடுகிறவருக்கு உரியது, ஒரே ஆட்டத்தில் முடிந்துபோகிறவருக்குச் சராசரி கிடையாது. அப்போது பார்க்க வேண்டியது திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதைத்தான். வழி இருந்தால் போய்விடுங்கள். வழியே இல்லை, ஏதாவது ஒரு கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்றால் 51 சதவீதம்கூடப் போதுமானது, வேறு என்ன செய்ய முடியும்?

48 காவலாளிகள்

நிகழ்தகவு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி, பின்னங்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுவது. ஒரு காவலாளிக்குப் பதிலாக 48 காவலாளிகள் 48 வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 16 பேர் உண்மைக்காரர்கள், 16 பேர் பொய்க்காரர்கள், 16 பேர் பூவாதலையாக்காரர்கள்.

எடுத்த எடுப்பிலேயே "இடது கதவில் பரிசு இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன ஆகும்? உண்மைக்காரர் 16 பேரும் சரியாகச் சொல்வார்கள், பொய்க்காரர் 16 பேரும் தப்பாகச் சொல்வார்கள், மீதிப் பேரில் 8 பேர் சரி, 8 பேர் தப்பு. மொத்தம் 24-க்கு 24. நூறு ரூபாய் கொடுத்து நாமே ஒரு காசைச் சுண்டியது போலத்தான்.

அதனால் முதலில் பதில் நமக்கே தெரிந்த கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்க்கிறோம். "இரண்டும் இரண்டும் நான்கா?" உண்மைக்காரர் 16 பேரும் ஆமாம் என்பார்கள். பொய்க்காரர் ஒருவரும் சொல்ல மாட்டார். பூவாதலையாக்காரர்களில் 8 பேர் ஆமாம் என்பார்கள். ஆக, சரியாகச் சொன்னவர்கள் 24 பேர், அவர்களில் 16 பேர் நிஜமாகவே நம்பத்தக்கவர்கள். இப்போது இந்த 24 பேரிடம் கதவைப் பற்றிக் கேட்டால் 16 பேரும், மீதி எட்டில் பாதியான 4 பேரும், மொத்தம் 20 பேர் சரியான கதவைக் காட்டுவார்கள். 24-ல் 20 என்பது 83 சதவீதம், நம் 75-ஐத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு சோதனைக் கேள்வியில், சல்லிக்காசு பெறாத பேச்சு 83 சதவீதப் பேச்சாக மாறிவிட்டது, அந்த ஆள் மாறவில்லை, அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததுதான் மாறியிருக்கிறது. (இரண்டும் இரண்டும் நான்கு இல்லை என்றவர்களிடமும் இதே 83 கிடைக்கும், அவர்கள் காட்டும் கதவை விட்டுவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.)

இன்னொரு சோதனைக் கேள்வி போடலாமா? அதையும் எண்ணிப் பார்க்கலாம். இப்போதே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், 24 பேரில் 20 வெற்றி, 4 தோல்வி, 20,000 கழித்தல் 12,000, கையில் 8,000. இன்னொரு சோதனை போட்டால் பூவாதலையாக்காரர் 8 பேரில் 4 பேர் மாட்டிக்கொள்வார்கள், அவர்களை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். மீதி 20 பேரில் 18 பேர் சரியான கதவைக் காட்டுவார்கள்: 18,000 கழித்தல் 6,000, ஆக 12,000. சோதனையால் கூடியது 4,000, மாட்டிய 4 பேரிடம் கதவைப் பற்றிக் கேட்க வேண்டாததால் மிச்சம் 400, அதற்கு நாம் 24 பேருக்கும் தலா 100 வீதம் கொடுத்தது 2,400. லாபம்தான்.

மூன்றாவது சோதனை? 20 பேரில் 2 பேர் மாட்டுவார்கள், 18 பேர் மிஞ்சுவார்கள், 17 வெற்றி, 1 தோல்வி, 14,000. கூடியது 2,000, கதவுக் கேள்வியில் மிச்சம் 200, கட்டணம் 20 பேருக்கு 2,000. மயிரிழையில் லாபம். நான்காவது போட்டால் கூடுவது 1,000, மிச்சம் 100, கட்டணம் 1,800, நஷ்டம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், எனக்கு இந்தப் புதிரிலேயே பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு சோதனையும் நம்பிக்கையைக் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறது, 83, 90, 94 என்று ஏறிக்கொண்டே போகிறது, ஆனாலும் ஓர் இடத்துக்கு மேல் சோதிப்பது வீண்செலவு, அந்த இடத்தில் இன்னும் ஆறு சதவீதச் சந்தேகம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. முழு நிச்சயத்துக்காகக் காத்திருப்பவர் கேள்விக் கட்டணத்திலேயே அழிந்துபோவார்.

கேள்வியையே மாற்றினால்

பழைய இரண்டு காவலாளிப் புதிர் தெரிந்தவர்கள் இந்நேரம் பொறுமை இழந்திருப்பார்கள், சோதனைக் கேள்வி எதற்கு, தந்திரக் கேள்வி இருக்கிறதே என்று. இருக்கிறது. "இடது கதவில் பரிசு இருக்கிறதா என்று நான் உங்களிடம் கேட்டால், ஆமாம் என்று சொல்வீர்களா?" இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. பரிசு இடதில் இருந்தால் உண்மைக்காரர் ஆமாம் என்பார். பொய்க்காரர் உள்கேள்விக்கு இல்லை என்று பொய் சொல்லியிருப்பார், அதைப் பற்றிக் கேட்கும்போது மறுபடியும் பொய் சொல்லி ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். இரண்டு பொய் சேர்ந்து உண்மையாகிவிடுகிறது.

48 பேருக்குப் போட்டுப் பார்த்தால், உண்மைக்காரரும் பொய்க்காரருமாக 32 பேர் சரி, பூவாதலையாக்காரரில் 8 பேர் சரி, 48-க்கு 40. அதே 83 சதவீதம்! சோதனை, கதவு என்று இரண்டு கேள்வியில் கிடைத்ததை ஒரே கேள்வியில் வாங்கிவிட்டோம், 100 ரூபாய் மிச்சம்.

ஆனால் பூவாதலையாக்காரரை இந்தத் தந்திரம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவரை எப்படிப் பிடிப்பது? இதை என் அக்கா மகளிடம் கேட்டேன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், காகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டா போதுமே மாமா, மத்த ரெண்டு பேரும் மாத்திச் சொல்ல மாட்டாங்களே" என்றாள். அதேதான். தந்திரக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். பதில் மாறினால் அவர் பூவாதலையாக்காரர் என்பது உறுதி, திரும்பிவிடலாம். 48 பேரில் 8 பேர் அப்படி மாட்டுவார்கள். மிஞ்சிய 40 பேரில் 36 பேர் சரி, 90 சதவீதம். சோதனை வழியில் இதே 90-க்கு மூன்று கேள்வி ஆயிற்று, இதில் இரண்டே. கட்டணம் போக, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இந்த வழியில் 300 ரூபாய் மிஞ்சுகிறது, சோதனை வழியில் சுமார் 217.

அவள் அதோடு விடவில்லை, "உண்மை சொல்றவரும் பொய் சொல்றவரும் மாத்திச் சொல்ல மாட்டாங்கன்னா, ரெண்டாம் தடவை கேட்டதால அவங்களப் பத்திப் புதுசா எதுவுமே தெரியலையே" என்றாள். உண்மைதான், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நிலையான ஆளிடம் ஒரே கேள்வியை நூறு முறை கேட்டாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகத் தடுமாறுகிறவரிடம் கேட்டால் கிடைக்கும்: பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்கிறவரிடம் மூன்று முறை கேட்டுப் பெரும்பான்மைப் பதிலை எடுத்தால் 70 சதவீதம் 78 ஆகிறது. எனவே திரும்பக் கேட்பதற்கு முன், இந்த ஆளின் தப்பு எப்படிப்பட்டது, அவரோடு ஒட்டியே இருக்கிற தப்பா, வந்து வந்து போகிற தப்பா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி யாரைக் கேட்பது என்பதற்காக

1996-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் பூலோஸ், உலகத்திலேயே கடினமான தர்க்கப் புதிர் என்று பெயர் சூட்டி ஒன்றை வெளியிட்டார். அதை உருவாக்கியவர் தர்க்கவியல் அறிஞர் ரேமண்ட் ஸ்முல்யன் என்றும், அதில் கூடுதலாக ஒரு முடிச்சைப் போட்டவர் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி என்றும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். மூன்று கடவுள்கள், ஒருவர் உண்மை, ஒருவர் பொய், ஒருவர் வாய்க்கு வந்தது. மூன்றே கேள்வியில் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மெக்கார்த்தி போட்ட முடிச்சு, அவர்கள் தங்கள் மொழியில் "டா", "ஜா" என்றுதான் பதில் சொல்வார்கள், எது ஆமாம், எது இல்லை என்று நமக்குத் தெரியாது.

மொழி முடிச்சை ஒதுக்கிவிட்டு முதல் நகர்வை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் பாடம் இருக்கிறது. முதல் ஆளிடம், "இரண்டாமவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவரா என்று கேட்டால் ஆமாம் என்பீர்களா?" என்று கேட்கிறோம். ஆமாம் என்றால், ஒன்று இரண்டாமவர்தான் அந்த ஆள், அல்லது நம்மிடம் பதில் சொன்ன முதலாமவரே அந்த ஆள், எப்படியிருந்தாலும் மூன்றாமவர் இல்லை. இல்லை என்றால், முதலாமவர் ஒழுங்கான ஆளாக இருந்தால் இரண்டாமவர் அந்த ஆள் இல்லை, முதலாமவரே உளறுகிறவர் என்றாலும் இரண்டாமவர் அந்த ஆளாக இருக்க முடியாது. பதில் எதுவாக வந்தாலும், கேட்டவரே உளறியிருந்தாலும், நிலையான ஓர் ஆள் நமக்குக் கிடைத்துவிடுகிறார். மீதி இரண்டு கேள்வியையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நமக்கு வேண்டிய விஷயத்தைப் பற்றி இந்த முதல் கேள்வி நேராக எதையுமே கேட்கவில்லை, யாரைக் கேட்கலாம் என்பதை மட்டும் தீர்த்துவைக்கிறது. புதிரில் ஆட்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் கையில் இருக்கும் கேள்விகளில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

அவருக்கு எப்படித் தெரிந்தது?

சொன்ன சொல்லை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்பதும் சேர்ந்ததுதான் தகவல். மாண்டி ஹால் புதிர் இதற்கு நல்ல உதாரணம். மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டில் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், நிகழ்ச்சி நடத்துகிறவர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். 1975-ல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் ஓர் ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தில் வந்த புதிர் இது. 1990-ல் மெரிலின் வோஸ் சாவன்ட் தன் பத்திரிகைப் பத்தியில் மாற்றிக்கொள்வதே நல்லது என்று எழுதியபோது சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன, எழுதியவர்களில் பெரும்பாலோர் அவர் சொன்னது தப்பு என்றார்கள், அதில் முனைவர் பட்டம் பெற்றவர்களே ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் எந்த நிலையில் சரி? 300 ஆட்டம் எண்ணுங்கள். 100 ஆட்டத்தில் கார் உங்கள் கதவில், 200 ஆட்டத்தில் மற்ற இரண்டில். நடத்துகிறவருக்குக் கார் இருக்கும் இடம் தெரியும், எப்போதும் ஆட்டுக் கதவைத்தான் திறப்பார் என்றால், மாற்றுகிறவர் 200 ஆட்டம் ஜெயிக்கிறார். அவருக்கே தெரியாது, குருட்டாம்போக்கில் ஒன்றைத் திறந்தார், தற்செயலாக ஆடு வந்தது என்றால், அந்த 200-ல் 100 ஆட்டத்தில் கதவு திறந்ததும் காரே தெரிந்து ஆட்டம் கெட்டுப்போயிருக்கும், மிஞ்சிய 200-ல் இருந்தாலும் 100, மாற்றினாலும் 100, இரண்டும் ஒன்றுதான். அவர் உங்களைத் தோற்கடிக்க நினைக்கிறவர், நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தபோது மட்டுமே மாற்றச் சொல்வார் என்றால், மாற்றினால் ஒவ்வொரு முறையும் தோல்வி. கண்ணில் படுவது மூன்றிலும் ஒரே காட்சி, திறந்த கதவும் ஓர் ஆடும். விடையோ மூன்றிலும் வேறு.

இதே காரணத்தால்தான் "80 சதவீதம் சரியாகச் சொல்வார்" என்று ஒரு புதிர் சொன்னால் அதை அப்படியே விழுங்காதீர்கள். பத்துப் பெட்டி, ஒன்றில் பரிசு. ஒருவர் தானாக ஒரு பெட்டியைக் காட்டி இதுதான் என்கிறார், பத்துக்கு எட்டு முறை சரியாகக் காட்டுகிறவர், அந்தப் பெட்டியில் பரிசு இருக்க வாய்ப்பு 80 சதவீதம்தான். ஆனால் நீங்கள் ஒரு பெட்டியைத் தொட்டு "இதில் இருக்கிறதா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்றால்? 50 ஆட்டத்தில் நீங்கள் தொட்ட பெட்டியில் பரிசு இருப்பது 5 முறை, அதில் 4 முறை ஆமாம் என்பார். இல்லாதது 45 முறை, அதில் ஐந்தில் ஒரு பங்கு தப்பாகச் சொல்வதால் 9 முறை ஆமாம் என்பார். மொத்தம் 13 ஆமாம், உண்மையானவை 4. 31 சதவீதம்! அதே மனிதரின் "இல்லை"யை எடுத்துக்கொண்டால் 37 முறை சொல்வார், 36 முறை சரி, 97 சதவீதம். ஒரே வாயில் வரும் இரண்டு சொல்லுக்கும் இவ்வளவு வித்தியாசம். அபூர்வமான நோய்க்கான பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்தால் மருத்துவர்கள் இன்னொரு பரிசோதனை எடுத்துப் பார்க்கச் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்கு.

இரண்டு பேர் சொன்னால்

நம் கதவுப் புதிருக்குத் திரும்பலாம், எல்லை 75. ஒருவர் 70 சதவீதம் சரியாகச் சொல்கிறவர், இன்னொருவர் 60. தனித்தனியாக இருவர் சொல்லும் போதாது. இருவரும் இடது என்றால்? பரிசு இடதில் இருக்கும் 100 ஆட்டத்தில் இருவரும் இடது என்பது 42 முறை, வலதில் இருக்கும் 100 ஆட்டத்தில் இருவரும் தப்பாக இடது என்பது 12 முறை. 54-க்கு 42, 78 சதவீதம், திறக்கலாம். போதாத இரண்டு பேச்சு சேர்ந்து போதுமானதாகிவிட்டது. முரண்பட்டால் 70 சதவீதக்காரர் காட்டும் கதவுக்கு 46-க்கு 28, அதாவது 61 சதவீதம், திரும்பிவிடுங்கள்.

இதெல்லாம் இரண்டாமவர் தானாகப் பார்த்துச் சொன்னால்தான். முதலாமவரிடம் கேட்டுவிட்டு வந்து அதையே சொல்கிறார் என்றால் இரண்டு பேர் இல்லை, ஒருவர்தான், 70-லேயே நிற்கிறோம். பத்துப் பேர் சொன்னாலும் பத்துப் பேரும் ஒரே ஆளிடம் கேட்டவர்கள் என்றால் 70-தான். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், எல்லோருக்கும் யார் சொன்னது என்று ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

ஆசைகாட்டி

இதுவரை வந்த மூன்று வகையினருக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது, நாம் எந்தக் கதவைத் திறக்கிறோம் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. இரண்டும் இரண்டும் நான்கா என்று கேட்டாலும் கதவைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள், அதனால்தான் சோதனைக் கேள்வி வேலை செய்தது. நாம் கட்டும் 3,000 ரூபாயில் காவலாளிக்குப் பங்கு உண்டு என்றால்? சோதனைக் கேள்வி எல்லாவற்றுக்கும் உண்மை சொல்லி, கதவு என்று வரும்போது மட்டும் பொய் சொல்கிற ஆசைகாட்டி என்ற நாலாவது வகை ஒன்று உள்ளே வந்துவிடும்.

48 பேரை நான்காகப் பிரியுங்கள், வகைக்கு 12. ஒரு சோதனைக்குப் பிறகு மிஞ்சுவது உண்மைக்காரர் 12, பூவாதலையாக்காரர் 6, ஆசைகாட்டி 12, மொத்தம் 30. கதவைச் சரியாகக் காட்டுவது 12-ம் 3-ம் 15. பாதிக்குப் பாதி. இன்னொரு சோதனை போட்டால் 27 பேர், சரியாகக் காட்டுவது சராசரியாக பதின்மூன்றரை. மறுபடியும் பாதி. எத்தனை சோதனை போட்டாலும் பாதிதான், பூவாதலையாக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவார்கள், ஆனால் ஆசைகாட்டி ஒருவரும் விலக மாட்டார். சோதனையில் தேறியவரை மேலும் சோதிக்க ஒரு ரூபாய் கொடுத்தாலும் வீண். ஆன்லைன் முதலீடு என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் முதலில் சின்னத் தொகைக்கு லாபத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பது இதனால்தான், நம் சோதனையில் அவர்கள் தேறவேண்டும் என்பதே அவர்களுடைய திட்டம். அதில் பணத்தை விட்டவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, அவர்கள் சோதித்துப் பார்த்துத்தான் நம்பினார்கள், சோதனை செல்லாத இடத்தில் சோதித்ததுதான் பிசகு.

இந்த வகை புதிரில் இருக்கக்கூடும் என்று தெரிந்தால் செய்யக்கூடியது இரண்டு. சோதனை என்று அவருக்குத் தெரியாதபடி சோதிப்பது: உதாரணமாக, எந்தக் கதவில் பரிசு என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய வாசல் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போய், தெரியாதது போலக் கேட்பது. அங்கே பொய் சொன்னால் மாட்டிக்கொண்டார். அல்லது நம் வெற்றி தோல்வியில் பங்கில்லாத வேறொருவரைத் தேடுவது, அவர் 60 சதவீத ஆளாக இருந்தாலும் சரி, அவர் சொல்லை வைத்துக் கணக்காவது போடலாம்.

இரண்டுக்கும் வழியில்லை என்றால், சோதனையில் தேறிய காவலாளியை வைத்து நம் கையில் இருப்பது 50, தேவை 75. கதவைத் திறந்தால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1,000 ரூபாய் நஷ்டம், திரும்பி நடந்தால் பூஜ்யம்.